கோதண்டம் பூட்டு

என் பெயரில் ஒரு பூட்டு இருக்கிறது. இரும்புப் பூட்டு இல்லை, சாவியும் கிடையாது. காக்களூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் நான் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிய கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்குள் அது இருக்கிறதாம். போன வாரம் ஷாலினி போன் செய்தபோதுதான் எனக்கே தெரியும். ஷாலினி அங்கே இன்ஜினீயர். நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் முன்னால் வந்து சேர்ந்த பெண்.

"சார், புதுசா சேர்ந்தவங்கல்லாம் கேக்குறாங்க. கோதண்டம் லாக்னு சொல்றோமே, அந்தக் கோதண்டம் யாரு, பெரிய ஆராய்ச்சிக்காரரான்னு. உங்க நம்பர் குடுக்கட்டுமா?"

"இன்னா லாக்குமா அது?"

"அதான் சார், மாடல்லருந்து தானா வர்ற ப்ரோக்ராமை யாரும் கையால மாத்த முடியாதபடி பூட்டி வெச்சிருக்கோம்ல. மாத்தினா மெஷின்ல ஏறவே ஏறாது. அதுக்குப் பேரு அதான்."

"யாரு வெச்ச பேரு?"

"தெரில சார். எல்லாரும் சொல்றாங்க, நாங்களும் சொல்றோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பிள்ளைகள் நான்தான் பூட்டைக் கண்டுபிடித்தவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அடப்பாவமே, பூட்டுக்குத் திருடன் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்? நம்பர் கொடுக்காதே, நானே எழுதி அனுப்புகிறேன் என்றேன். வாயால் சொன்னால் உளறிவிடுவேன். எழுதினாலும் உளறத்தான் போகிறேன், ஆனால் அடித்துவிட்டு மறுபடி எழுதலாம்.

எங்கள் கம்பெனி செய்தது பிரஸ் மெஷின்களுக்கான கன்ட்ரோல் பெட்டி. பிரஸ் என்றால் துணிக்குப் போடும் இஸ்திரி இல்லை. இரும்புத் தகட்டைக் கீழே வைத்தால் மேலே இருந்து டை என்ற எஃகு அச்சு இறங்கி ஒரே அடியில் கதவுக் கொண்டியோ, பம்ப் மூடியோ செய்துவிடும் மெஷின். அதன் நடுவே கை மாட்டினால் தகடு வேறு கை வேறு என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் இரண்டு பட்டன், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் டை இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் உள்ளே வைக்க மூன்றாவது கை இல்லை அல்லவா? கணக்கு அவ்வளவுதான்.

நான் டிப்ளமோ முடித்து வந்தபோது இந்தக் கணக்கை ரிலே என்ற மின்காந்த சுவிட்சுகளால் போட்டோம். டக் டக் என்று சத்தம் வரும், சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவேன். பிறகு ரிலே போய்ப் ப்ரோக்ராம் வந்தது. அதையும் கற்றுக்கொண்டேன். வரி வரியாக நானே எழுதுவேன். ஒரு வரியைக் காட்டி இது ஏன் என்று கேட்டால் ஊர், தேதி, யாருக்காகச் செய்தேன் என்பது வரைக்கும் சொல்வேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

அந்தத் திமிரின் மேல் வந்து உட்கார்ந்தவர்தான் ஜெசிந்தா மேடம்.

என்னைவிடப் பதினோரு வயது சின்னவர். வந்த அன்றே டிசைன் பிரிவுக்குத் தலைவர். காட்டன் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ, கைப்பையில் எப்போதும் ஒரு டப்பா சாக்பீஸ். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒருவர் பேசி முடித்ததும் "அடுத்து?" என்பார். நாம் ஏதாவது சொல்வோம். மறுபடி "அடுத்து?" நாலு 'அடுத்து' தாண்டியதும் நமக்கே நம் பேச்சின் ஓட்டை தெரிந்துவிடும். "பொதுவா" என்ற வார்த்தையை அவர் எதிரில் சொல்ல முடியாது. "பொதுவா ஆபரேட்டர் அப்டி பண்ண மாட்டான் மேடம்" என்று ஒருமுறை சொன்னேன். "விசேஷமா பண்ணுவானா சார்?" என்று கேட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. நான் பதில் சொல்லும்வரை அவர் குடிக்கவில்லை.

வந்த மூன்றாம் மாதம் சொன்னார்: "இனிமே யாரும் ப்ரோக்ராம் எழுத வேணாம். படம் வரைங்க."

"படம் வரைஞ்சா மெஷின் ஓடுமா மேடம்?"

"ஓடும். படத்துலருந்து ப்ரோக்ராமைக் கம்ப்யூட்டரே எழுதிக்கும்."

எனக்குப் புரியவில்லை. இன்றைக்கும் முழுசாகப் புரிந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். கட்டம் கட்டமாக வரைய வேண்டும், அந்தப் படத்துக்கு மாடல் என்று பெயர். 'நிற்கிறது' ஒரு கட்டம், 'இறங்குகிறது' ஒரு கட்டம், 'ஏறுகிறது', 'பிழை' என்று இப்படி. ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்போது போகலாம் என்று அம்பு போட வேண்டும். மெஷினை மட்டும் வரைந்தால் போதாது, மெஷின் முன்னால் நிற்கும் ஆளின் கை எங்கெங்கே இருக்கலாம் என்பதையும் வரைய வேண்டும். வரைந்து முடித்தால் ஒரு சோதனை மென்பொருள் உட்கார்ந்து எல்லா வழியிலும் நடந்து பார்க்கும். மனுஷன் யோசிக்காத வழியிலும் போகும். எந்த வழியிலாவது 'கை உள்ளே, டை இறங்குகிறது' என்று ஆகுமானால் அந்த வழியை ஒன்று, இரண்டு என்று படிப்படியாக எழுதிக் காட்டும். ஒன்றும் அகப்படவில்லை என்றால்தான் ப்ரோக்ராம் பிறக்கும். பிறந்த கோப்பின் தலையில் ஒரு வரி இருக்கும்: 'இது தானாக உருவானது. கையால் திருத்தாதீர்கள்.'

திறந்து பார்த்தால் ஆயிரக்கணக்கான வரி. ஒன்றும் என் எழுத்து இல்லை. நான் பெற்ற பிள்ளைக்கு எவனோ பெயர் வைத்தது போல இருந்தது. தப்பு நடந்தால் யாரைக் கேட்பது? படம் போட்ட என்னையா, எழுதிய கம்ப்யூட்டரையா? மணவாள நகரில் வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன். "படந்தானே வரையச் சொன்னாங்க, படம் பாக்காதன்னா சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டு அவள் குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

சோதனை மென்பொருள் பார்த்தது போதாது என்று மேடத்துக்கு இன்னொரு வழக்கம் உண்டு. ஷாப் தரையில் சாக்பீஸால் அந்தக் கட்டங்களை ஆள் நிற்கும் அளவுக்கு வரைவார். ஒருவர் மெஷின், ஒருவர் இடது கை, ஒருவர் வலது கை. நான் பெரும்பாலும் மெஷின். "இடது அமுக்கியாச்சு" என்று ஒருவர் கத்துவார், நான் அம்பைப் பார்த்துக் கால் எடுத்து வைக்க வேண்டும். தப்பாக வைத்தால் மேடம் கேட்பார், "எந்தக் கட்டத்துல நிக்கிறீங்க?" வெல்டிங் ஷாப்பிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். "கோதண்டம் நைனா பாண்டி ஆடிக்கினு கீறாரு, வாங்கடா" என்று ஒரு கூட்டமே கூடும். ஐம்பது வயதில் எனக்கு அந்த மரியாதை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அப்படி நடந்து பார்த்ததில் நாலைந்து ஓட்டைகள் பிடிபட்டன, அதில் இரண்டு நான் வரைந்த அம்புகள்.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

புதுவாயல் ஜங்ஷனிலிருந்து உள்ளே போகும் ரோட்டில் ஒரு பிரஸ் ஷாப். பெயர் வேண்டாம். பழைய பிரஸ் ஒன்றுக்கு எங்கள் புதுப் பெட்டியைப் பொருத்தினோம். கை குறுக்கே வந்தால் கண்டுபிடிக்கும் ஒளித்திரை போட அந்த மெஷினில் வசதியில்லை. எல்லாம் இரண்டு பட்டனை நம்பித்தான். இரண்டையும் அரை செகண்டுக்குள் சேர்த்து அமுக்க வேண்டும், இல்லாவிட்டால் 'பிழை' என்று நின்றுவிடும். ஒவ்வொரு அடிக்கும் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி அமுக்க வேண்டும்.

ஒரு வாரத்தில் அங்கேயிருந்து சூப்பர்வைசர் பாபு போன் செய்தார். ஆரம்பாக்கம் பக்கத்து ஆள், பாதி தெலுங்கு. "இன்னா நைனா பெட்டி குடுத்த? ஒரே பேஜாரு. ஷிப்டுக்கு இருவது வாட்டி நிக்குது."

போனேன். மற்ற இரண்டு ஷிப்டில் நிற்கவே இல்லை. பகல் ஷிப்டில் மட்டும் நிற்கிறது. பகலில் அதை ஓட்டியது தேவகி. காண்ட்ராக்ட் தொழிலாளி, நாற்பது வயதிருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தேன். தகட்டை வைக்கிறார், வலது கை டக்கென்று பட்டனுக்குப் போகிறது, இடது கை தடுமாறிக்கொண்டு வருகிறது. அந்தக் கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை.

"முன்னாடி வேற கம்பெனில போச்சு சார்," என்றார் அவராகவே. "அங்க ஒத்தப் பட்டனு. இந்தப் பட்டனு குமிழ் மாரி கீதுல்ல, உள்ளங்கையில குத்துது. அதான் லேட்டாவுது."

பாபு என்னைத் தனியே கூப்பிட்டார். "மத்தவங்களுக்கு ஓடுது, இந்தம்மாவுக்கு மட்டும் நிக்குது. ஓனரு கேக்குறாரு. ரெண்டு நாளு பாப்பேன், இல்லனா வேற ஆள் போட்டுக்குவேன். நான் இன்னா செய்ய?"

தேவகிக்கு அது கேட்டிருக்க வேண்டும். இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். எனக்கு அது தாங்கவில்லை.

முறைப்படி நான் என்ன செய்திருக்க வேண்டும்? காக்களூர் போய் மாற்றக் கோரிக்கை எழுத வேண்டும். மேடம் நாலு 'அடுத்து' கேட்பார். மாடலில் மாற்றிச் சோதனை ஓட்டி, சாக்பீஸில் நடந்து, கையெழுத்து வாங்க ஒரு வாரம். இரண்டு நாளில் இந்தம்மாவுக்கு வேலை போய்விடும். லேப்டாப்பைத் திறந்தேன். கையால் திருத்தாதீர்கள் என்ற வரியைத் தாண்டிப் போனேன். ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே அரை செகண்ட் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்தேன். அதை இரண்டு செகண்டாக மாற்றி மெஷினில் ஏற்றினேன். பத்து நிமிஷ வேலை. உண்மையைச் சொன்னால், என் பழைய கை இன்னும் செத்துவிடவில்லை என்று சந்தோஷமாக இருந்தது.

"நேரம் கூட்டி வெச்சிருக்கேன்மா. இனிமே நிக்காது."

"நீங்க நல்லா இருக்கணும் சார்," என்றார் தேவகி. பத்து அடி ஓட்டிக் காட்டினார், ஒருமுறைகூட நிற்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. மேடத்திடம் 'வயர் லூஸ், சரி பண்ணிட்டேன்' என்று எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் சத்தமில்லை. அப்புறம் அந்த மெஷினுக்கு எண்ணெய் அழுத்த எச்சரிக்கை ஒன்று சேர்க்கக் கேட்டார்கள். அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த ஷாலினி முறைப்படி மாடலில் சேர்த்துச் சோதனை ஓட்டினாள். கம்ப்யூட்டர் புது ப்ரோக்ராம் எழுதியது, போய் ஏற்றிவிட்டு வந்தாள். என் இரண்டு செகண்ட் மாடலில் இல்லையே! அது எப்படி நிற்கும்? மறுபடி அரை செகண்ட் ஆகிவிட்டது. மறுநாளே பாபு போன்: "மறுபடியும் நிக்குது. இந்த வாட்டி பெரிய மேடத்தையே வரச் சொல்லு."

கம்பெனி காரில் மேடம் முன்சீட்டில், நான் பின்னால். கவரப்பேட்டை தாண்டும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "சார், ஏசி கம்மி பண்ணவா?" என்று டிரைவர் கேட்டார். சரி என்றேன். அத்தோடு போயிற்று.

ஷாப்பில் மேடம் கேட்டது ஒரே கேள்வி. "ரெண்டு மாசம் நல்லா ஓடுச்சுன்றீங்க. மாடல்ல பட்டன் சம்பந்தமா எதுவும் மாறலையே. அப்ப நடுவுல ஓடினது எது?" நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் சாக்பீஸை எடுத்தார். மெஷின் முன்னாலேயே தரையில் கட்டங்களை வரைந்தார். "தேவகி, நீங்க எப்டி ஓட்டுவீங்களோ அப்டியே காட்டுங்க. கரன்ட் ஆஃப் பண்ணியாச்சு. பயப்படாதீங்க. கோதண்டம் சார், நீங்க மெஷின்."

நான் 'நிற்கிறது' கட்டத்தில் போய் நின்றேன். தேவகி தகட்டை வைத்தார். பிறகு குனிந்து மெஷின் அடியிலிருந்து எதையோ எடுத்தார். விரல் நீளத்துக்கு ஒரு மரக் கட்டை. பழைய துணி சுற்றி, ஒவ்வொரு அடிக்கும் இழுத்து எடுக்கக் கயிறு கட்டி வைத்திருந்தது. அதை வலது கையால் இடது பட்டனுக்கும் அதைச் சுற்றியிருந்த வளையத்துக்கும் நடுவே செருகினார். பட்டன் அமுங்கியது. அதே வலது கை இந்தப் பக்கம் வந்து வலது பட்டனை அமுக்கியது. ஒன்றரை செகண்ட் இருக்கும்.

இடது கை, மிச்சம் மூன்று விரலோடு, டைக்குக் கீழே தகட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நான் அடுத்து எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். 'இறங்குகிறது'. கால் வரவில்லை.

"எத்தினி நாளா இப்டி ஓட்டுறீங்க?" மேடத்தின் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

"ஒரு ரெண்டு மாசமா மேடம். தகடு நவுந்துக்கினே கீது, புடிச்சாத்தான் நேரா வுழுது. ஓரமாத்தான் புடிப்பேன். ஒண்ணும் ஆவல." எங்கள் முகங்களைப் பார்த்ததும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. "இன்னா மேடம், நான் இன்னா தப்பு பண்ணேன்? இப்பத்தான் ரெண்டு நாளா மெஷினு ஒத்துக்க மாட்டேங்குது. அப்ப ஒத்துக்கிச்சே! சாருதானே நேரம் கூட்டிக் குடுத்தாரு? மெஷினே ஒத்துக்குதுன்னா தப்பு இல்லன்னுதானே நெனச்சேன்."

மேடம் என் பக்கம் திரும்பினார். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"கோதண்டம் சார். எந்தக் கட்டத்துல நிக்கிறீங்க?"

கீழே பார்த்தேன். எப்போது நகர்ந்தேனோ தெரியவில்லை, கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். அத்தனை பேர் எதிரில், பாபு எதிரில், அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது.

மேடம் என் லேப்டாப்பைத் திறக்கச் சொன்னார். "நீங்க பண்ணத இப்ப மாடல்ல பண்ணுங்க." அரையை எடுத்துவிட்டு இரண்டு போட்டேன். சோதனையை ஓட்டினேன். பாபு டீ வாங்கிவரச் சொல்லியிருந்தார், டீ வருவதற்குள் பதில் வந்துவிட்டது. ஏழு படி. கைக்குப் பதில் வேறு பொருளால் பட்டனை அமுக்குவது என்ற அம்பை மேடம் முதல் நாளே வரைந்து வைத்திருந்தார், அரை செகண்டுக்குள் ஒரே கையால் இரண்டு பட்டனுக்கும் போக முடியாது என்பதால் எங்கள் கண்ணில் படவில்லை. "சத்தமா படிங்க சார்" என்றார். படித்தேன். ஏழாவது படி: 'இடது கை உள்ளே. டை இறங்குகிறது.'

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அன்றைக்கு நான் படத்தில் மாற்றியிருந்தால் அது எனக்கு இதைச் சொல்லியிருக்கும். நான்தான் அதைக் கேட்கவில்லை.

அன்று மேடம் கிளம்பவே இல்லை. தேவகியை உட்கார வைத்து, அந்தக் கை எங்கே வலிக்காமல் அமுக்கும் என்று பட்டனை வெவ்வேறு இடத்தில் பிடித்துப் பார்த்தார். குமிழ்ப் பட்டன் போய், இடுப்பு உயரத்தில் அகலமான தட்டுப் பட்டன் வந்தது. மணிக்கட்டுக்குக் கீழே உள்ளங்கை அடியால் தள்ளினால் போதும். தகடு நகராமல் இருக்க இரண்டு இரும்புப் பின் அடிக்கச் சொன்னார். ஓனர் முனகினார், மேடம் "அடுத்து?" என்றார், ஓனர் அடங்கினார். அரை செகண்ட் அப்படியே இருந்தது. தேவகி அதில் அழகாக ஓட்டினார். வேலை போகவில்லை. எனக்கு ஒரு மெமோ வந்தது. கோப்புகளுக்குப் பூட்டு வந்தது. அதற்கு என் பெயர் வந்தது இப்போதுதான் தெரிகிறது.

பிள்ளைகளே, இதுதான் உங்கள் ஆராய்ச்சிக்காரர்.

பாடம் என்ன என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்தால் சொல்ல மாட்டேனா? இத்தனை வருஷமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன். நான் இரக்கப்பட்டது ஒருத்தரின் கையை உள்ளே அனுப்பியது. எந்த இரக்கமும் இல்லாத ஒரு கம்ப்யூட்டர், தேவகி என்று ஒருத்தர் இருப்பதே தெரியாமல், என் இரக்கத்தை அழித்துவிட்டு அந்தக் கையை வெளியே எடுத்தது. சரி, கம்ப்யூட்டருக்கே ஜே போடலாம் என்றால் அதுவும் முடியவில்லை. நான் திருட்டுத்தனமாக அந்த நேரத்தைக் கூட்டாமல் இருந்திருந்தால், மூன்றாம் நாளே தேவகியை அனுப்பியிருப்பார்கள். பட்டன் அப்படியேதான் இருந்திருக்கும், மாடலில் எல்லாம் சரி என்றுதான் வந்திருக்கும். குமிழ் உள்ளங்கையில் குத்துகிறது என்பதற்கு எங்கள் படத்தில் கட்டமே இல்லையே! அப்படியானால் நான் செய்தது சரியா? அதுவும் இல்லை. ஷாலினி அந்த எண்ணெய் வேலையை ஒரு மாதம் தள்ளிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் சாப்பாடு இறங்காது. மேடத்திடம் ஒருமுறை இதையெல்லாம் கொட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எனக்கும் தெரில சார்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகப் புதுவாயல் பக்கம் போனேன். ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஷிப்ட் முடிந்து வந்த ஷேர் ஆட்டோ ஒன்றிலிருந்து "சார்! கோதண்டம் சார்!" என்று குரல். தேவகி. ஆட்டோ நிற்கவில்லை. கம்பியை வலது கையால் பிடித்துக்கொண்டு, இடது கையை வெளியே நீட்டி ஆட்டினார். நான் உடனே கை ஆட்டியிருக்க வேண்டும். ஆட்டவில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று. மறுபடி எண்ணினேன். மூன்றுதான்.

அப்புறம்தான் கையைத் தூக்கினேன். ஆட்டோ போய்விட்டிருந்தது.